பெருங்களத்தூரில் நின்ற தோழி

மூடிய கதவுக்கு வெளியே, வெறுந்தரையில், ஓர் எவர்சில்வர் தட்டு. பன்றிக்காய்ச்சல் பரவிய ஆண்டு என்றதும் தாம்பரத்தில் எங்கள் கல்லூரி விடுதியின் அந்தக் கடைசி அறைதான் நினைவுக்கு வருகிறது. உள்ளே இருந்தவள் என் அறைத்தோழி. காய்ச்சல் கண்டதும் வார்டன் அவளைத் தனியே வைத்துவிட்டார். சாப்பாடு கொண்டுவரும் ஆயா அதைக் கீழே வைத்துவிட்டு ஓடாத குறையாகத் திரும்புவார்.

ஐந்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். அவள் எங்கள் அறைக்குத் திரும்பினாள். ஆனால் மெஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் இருமினால் கைக்குட்டைகள் மூக்குக்கு ஏறின. நானும், அப்பாவுக்கு ஆஸ்துமா, ஊருக்குப் போகும்போது தொற்றிவிடும் என்று சொல்லி, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சாப்பிட வருவது குறைந்தது. பகலெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதவள்போல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய நாள் காலை பழைய அறையை எட்டிப் பார்த்தபோது அவள் கட்டில் காலியாக இருந்தது. பெட்டி இருந்தது. புத்தகங்கள் இருந்தன. செல்போன் தலையணைமேல் கிடந்தது. தூரத்தில் ரயில் போகும் சத்தம் கேட்டதும் எனக்குத் தண்டவாளம்தான் நினைவுக்கு வந்தது. வாசலுக்கு ஓடினேன்.

"அந்தப் பொண்ணா? பெருங்களத்தூர் பஸ்ல ஏறிச்சு. கைல ஒரு பைகூட இல்லம்மா" என்றார் வாட்ச்மேன்.

பெருங்களத்தூரில், தென் மாவட்டப் பேருந்துகள் நிற்கும் இடத்தில், கூட்டத்தை விட்டு விலகி நின்றிருந்தாள். கையைப் பிடித்தேன். உதறினாள்.

"தொடாத. உங்கப்பாவுக்கு ஆஸ்துமாவாச்சே."

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி. எனக்குத்தான் பயம்."

அப்போதுதான் அழுதாள். "படிச்சா ஒரு வரிகூட ஏறமாட்டேங்குது. நான் இருக்கேனான்னே சந்தேகமா இருக்குடி."

அவள் ஊரான திருச்சிக்கு மூன்று பேருந்துகள் போயின. நான்காவதில் அவளோடு நானும் ஏறினேன். அவள் வீட்டில் எல்லாவற்றையும், என் பொய் உட்பட, நானே சொன்னேன். அவள் அம்மா அவளை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். அப்போது எழுதாமல் விட்ட தேர்வை அடுத்த செமஸ்டரில் இருவரும் எழுதினோம்.

கொரோனா வந்தபோது, மேடவாக்கம் ஃபிளாட்டில் ஒரு படுக்கையறைக்குள் நான் அடைந்து கிடந்தேன். அழைத்தவர்கள் எல்லோரும் ஆக்ஸிஜன் அளவைத்தான் கேட்டார்கள்.

"யாராச்சும் உன்கிட்ட பேசுறாங்களாடி?" என்று கேட்டவள் அவள் மட்டும்தான்.

"இல்லடி" என்றேன்.

"சரி, நான் பேசுறேன். நீ போனை மட்டும் வச்சிராத" என்றாள்.