நிமிராத தலை

சிவப்புப் பேனா நின்றது. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் உடனே இசையை நிறுத்தினார். கணினித் திரையில் கொஞ்சம் பின்னால் போய், அழகாக ஏறி வந்த புல்லாங்குழலை வெட்டினார். “நிமிர்ந்துட்டா. அப்ப இது தேறாது” என்றார் என்னிடம், கொசு அடித்தவர் போல.

பேனா அவர் மனைவியுடையது. அந்த அம்மாள் பாடப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்க்கிறவர். இவரோ, படிக்கிறவர்களுக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் கவனம் சிதறாமலிருக்கப் பின்னணியில் ஓடும் இசையை அமைக்கிறவர். மனைவியின் பேனாதான் அவருக்குத் தராசு. ஓடிக்கொண்டே இருந்தால் இசை பாஸ். நின்றால் அந்த இடத்துக்குக் கத்தரி. மாடியில் குடியிருக்கும் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மௌன பாகவதர். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார், கோபத்துக்கும் கொஞ்சம் சத்தம் வேண்டுமே.

“உப்பு மாதிரி இருக்கணும் சார். யாராவது உப்பைப் பத்திப் பேசுனா, சமையல் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்” என்பார். குரல் கூடாது, தாளத்தில் திருப்பம் கூடாது, மனசில் ஒட்டுகிற மெட்டு கூடவே கூடாது. நல்லதாக ஒன்று தோன்றிவிட்டால் அவரே பயந்துபோய்க் கலைத்துவிடுவார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சுவரோரம் ஒரு வயலின் பெட்டி கிடக்கிறது. அதன்மேல் எப்போதும் மடித்த சட்டைகள் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் தானே கட்டிய மெட்டு ஒன்றை வயலினில் வாசித்தாராம். அதைக் கேட்டுத்தான் அந்த அம்மாள் பெற்றவர்களைப் பகைத்துக்கொண்டு இவரோடு வந்தாராம். “அதை அப்படியே இன்னைக்கு நடுவுல வச்சிருக்கேன். ஒண்ணும் வெட்டல. அவகிட்டயும் சொல்லல. அவ ஒரு தடவை நிமிர்ந்தா போதும் சார், எனக்குள்ள இன்னும் பாட்டு இருக்குன்னு நம்பிடுவேன்.” டம்ளரை என்னிடம் நீட்டினார்.

அறைக்கு வந்ததும் இசையை ஓடவிட்டார். முதலில் வழக்கமான மந்தமான சுரங்கள்; பிறகு அந்த வயலின். சங்கீதத்தில் நான் ஞானசூனியம், நானே கையிலிருந்த தேநீரை மறந்துவிட்டேன். அவர் பேனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு பிழையைச் சுழித்தது, ஓரத்தில் கோடு கிழித்தது, அடுத்த வரிக்குப் போனது. மெட்டு முடிந்தது. அந்த அம்மாள் பக்கத்தைத் திருப்பியபடி, தலை நிமிராமலே, பிரியமாகத்தான் சொன்னார்: “இன்னைக்கு ரொம்ப நல்லா வந்திருக்குங்க. ஓடுறதே தெரியல.”

“அப்படியா, சரிம்மா” என்றார் அவர். வேறென்ன சொல்வார்? எதையும் கேட்காமலிருக்க அந்த அம்மாளின் காதுகளை இத்தனை வருஷமாகப் பழக்கியவரே அவர்தான். அந்த அறையில் அதற்குமேல் உட்கார எனக்குத் தைரியமில்லை. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை.

மெட்டை அவர் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மனைவியின் பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒலிக் குமிழைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, சத்தம் முழுக்கச் சாகும்வரை திருப்பிக்கொண்டே போனார்.