மஞ்சள் கண் காகம்

அந்தச் சில்வர் பெட்டி இன்று மறுபடியும் என் கைப்பையில் இருக்கிறது. மூடியில் ஒரு நெளிவு. இல்-பிசார் காட்டுப் பாதையில் மச்சாள் அதைக் கல்லில் தட்டித் தட்டிக் காகத்தைக் கூப்பிட்டபோது விழுந்த நெளிவு அது.

மச்சாள் என் கணவரின் அக்கா. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, சென்ட் லோரன்டில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார். மருந்துத் தொழிற்சாலையில் வேலை. அவரது கணவர், எங்கள் அத்தான், கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். அவர் வந்து சேரவேண்டுமென்று மச்சாள் சனிபகவானுக்குப் புரட்டாதிச் சனி விரதம் பிடித்தார். நல்லெண்ணெய் விட்ட எள்ளுச் சோற்றைக் காகம் எடுத்த பிறகுதான் சாப்பிடுவார். பல்கனியில் சோறு வைத்தால் புறா சேருகிறதென்று வீட்டுக்காரர் சத்தம் போட்டதால், முதல் சனிக்கிழமை பஸ் ஏறி அந்தக் காட்டுக்குப் போனோம். நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. விரதகாரர் பசியோடு நிற்க நான் மட்டும் சாப்பிடுவதா என்ற வீம்பு எனக்கு.

மச்சாளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. பாதையோரமெல்லாம் மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாக, அவற்றின் அடியில் ஊதாச் சிறுபூக்கள். எருக்கலையைப் போன்ற ஒரு செடியில் காய் வெடித்துப் பஞ்சு பறந்தது. நான் நின்று பார்த்தால், பூவைப் பேந்து பார்க்கலாம் என்று இழுத்தார். சதுப்பில் ஒரு நாரை நின்றது. காட்டு வாத்துகள் கத்திக்கொண்டு தெற்கே போயின. கறுப்புத் தொப்பி போட்ட குட்டிக் குருவிகள் பெட்டியிலேயே வந்து குந்தின, மச்சாள் கலைத்தார். இத்தனை பறவையில் ஒரு காகம் இல்லையே என்று எனக்கு எரிச்சல் வந்தது. மத்தியானம் கழிந்ததும் எனக்குக் கண் இருட்டியது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது நீண்ட வாலும் மஞ்சள் கண்ணுமாக ஒரு கரும்பறவை இறங்கிச் சோற்றைக் கொத்தியது.

"காகம் எடுத்திட்டுது. வாரும், சாப்பிடுவம்" என்றார் மச்சாள்.

அது காகமில்லை என்றேன். வாலைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன். "இந்த நாட்டுக் காகம் உப்பிடித்தான்" என்று என் வாயில் முதல் கவளத்தைத் திணித்தார். இப்படியும் ஒரு ஆளா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு விழுங்கினேன்.

அந்தக் குளிர்காலம் விசா மறுக்கப்பட்டது. அத்தான் வந்து சேர மேலும் சில வருடங்கள் எடுத்தன. பிறகு இருவரும் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள்.

நேற்றுத் தொலைபேசியில் அந்தப் பறவையைச் சொல்லிப் பகிடி விட்டேன். மச்சாள் சிரிக்கவில்லை.

"காகம் எப்பிடியிருக்கும் எண்டு எனக்குத் தெரியாதா? வயித்திலை பிள்ளையோடை நீர் மயங்கி விழப் பாத்தீர்."

விசா மறுத்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "அதை விடும்" என்றார்.

இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, இன்று புரட்டாதிச் சனி என்று சோறு சமைத்து எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். அதே மஞ்சள் பூ, அதே ஊதாப் பூ. எதையும் நின்று பார்க்க முடியவில்லை. அதே கல்லில் பெட்டியைத் திறந்து வைத்தேன். கூப்பிடக்கூட இல்லை, மரத்திலிருந்து ஒன்று இறங்கி வந்தது. நல்ல கொழுத்த, கறுத்த, அசல் காகம்.

அன்றைக்கு எங்கே போனாய் என்று அதனிடம் வாய்விட்டே கேட்டேன்.