காது குத்திய குழந்தைக்கு ஒரு காதுகுத்து

போன மாதம் ஒரு காதுகுத்து விழாவுக்குப் போயிருந்தேன். அந்தக் குழந்தைக்கு ஒரு வயதிலேயே காது குத்தியாகிவிட்டது. அன்றைக்குக் காலையில் கம்மலைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் ஒளித்துவிட்டு, மறுபடியும் குத்தினார்கள்.

எதற்கு இந்தக் கூத்து என்கிறீர்களா? எம்.எல்.ஏ. வர வேண்டுமே...

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. எதிர் வீட்டுக் காசி ஆட்டோ ஓட்டுகிறான். மனைவி செல்வி. மூன்று வயதில் ஒரே பெண், மீனா. சந்துக்கே பொதுவாக, குழாய்த் தண்ணீர் வரும் ஓர் அடிபம்பு. அதில் சில மாதங்களாகத் தண்ணீரோடு சாக்கடையும் வந்தது. நாங்கள் காய்ச்சிக் குடித்தோம். சாக்கடையைக் காய்ச்சினால் என்ன கிடைக்கும்? சூடான சாக்கடை.

மீனாவுக்கு வாந்தி பேதி. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். "தண்ணி சரியாகிற வரைக்கும் குழந்தையை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போகாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடையாறில் செல்வியின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். காசி தினமும் சவாரி முடித்துப் போய்ப் பார்ப்பான்.

"நான் கெளம்பசொல்ல ஆட்டோல ஏறிக் குந்திக்கினு எறங்க மாட்டேன்றா சார். தூக்கி வுட்டுட்டு வர்றதுக்குள்ள உசுரு பூடுது" என்றான் ஒருநாள்.

எனக்குக் கோபம் வந்தால் கால் தானாகக் குடிநீர் வாரிய ஆபீஸ் பக்கம் போகும். போனேன். தண்ணீர்ப் பிரிவுக்கு ஒரு மேஜை. சாக்கடைப் பிரிவுக்கு ஒரு மேஜை. நடுவில் ஒரு கை நீளம் இடைவெளி.

"எங்க பைப்பு நல்லாத்தான் இருக்கு சார். சாக்கடைதான் உடைஞ்சிருக்கும். அந்த டேபிள்ல கேளுங்க" என்றார் தண்ணீர்.

"எங்க லைன்ல ஒரு குறையும் இல்ல. அவங்க பைப்புல ஓட்டை இல்லன்னா சாக்கடை எப்படி சார் உள்ள போவும்?" என்றார் சாக்கடை.

இரண்டு பேரும் ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீயைப் பங்கு போடுகிறவர்கள் இதையும் பேசிக்கொள்ளலாமே என்றேன்.

"ரைட்டிங்ல வரணும் சார்."

சரி, எம்.எல்.ஏ.வைப் பார்ப்போம் என்று காசியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் காலை ஆறு மணிக்கே கூட்டம். ஒருவருக்குப் பையனுக்கு ஸ்கூல் சீட். இன்னொருவருக்கு மருமகனுக்கு டிரான்ஸ்ஃபர். மற்றவர்கள் எல்லாம் பத்திரிகை வைக்க வந்தவர்கள் — கல்யாணம், கிரகப்பிரவேசம், கடைத் திறப்பு.

மனிதர் ஒளிக்காமல் பேசினார். "நான் லெட்டர் குடுப்பேன் சார். லெட்டர் போவும். போய்ப் படுத்துக்கும். நான் கூப்ட்டா அவங்க வரமாட்டாங்க, அவங்களுக்கு நான் சம்பளம் குடுக்கல பாருங்க."

"சட்டசபையில் கேளுங்களேன். அதற்குத்தானே அனுப்பினோம்?"

"கேக்கலாம். பதில் வர்றதுக்குள்ள இவரு பொண்ணு காலேஜ் போயிடும்." பிறகு காசியின் தோளில் கை போட்டார். "வீட்ல விசேஷம் எதுனா இருந்தா சொல்லுப்பா. கண்டிப்பா வரேன்."

திரும்பும்போது காசி ஆட்டோவை ஓரங்கட்டினான். "சார், அவுரு ஒரு எடத்துக்கு வராருன்னா முந்தின நாளே ரோட்டோரமா பிளீச்சிங் பவுடர் கோடு போடுவானுங்க இல்ல?"

"போடுவார்கள்."

"லெட்டருக்குப் போட மாட்டானுங்க. காதுகுத்துக்குப் போடுவானுங்க."

அப்படித்தான் விழா முடிவாயிற்று.

காசி கணக்கு தப்பவில்லை. முந்தின நாள் ஒரு லாரி மணல் வந்து பள்ளமெல்லாம் மூடியது. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. உடைந்த சாக்கடை மூடிக்குப் பதில் புது மூடி. அடிபம்பையும் விடவில்லை — அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். தண்ணீர் மட்டும் பழைய தண்ணீர்.

மறுநாள் எம்.எல்.ஏ. வந்தார். அவர் பின்னால் பெரிய என்ஜினியர், சின்ன என்ஜினியர், அந்த இரண்டு மேஜைக்காரர்கள், கடைசியில் லைன்மேன். அடையாறிலிருந்து அன்றைக்கு மட்டும் வந்திருந்த மீனா தாய்மாமன் மடியில். ஆசாரிக்கு விஷயம் தெரியும். பழைய ஓட்டையிலேயே புதுக் கம்மலை மாட்டினார். குழந்தை அழவே இல்லை.

"தைரியமான பொண்ணு" என்றார் எம்.எல்.ஏ.

அப்போது செல்வி ஒரு தட்டில் டம்ளரோடு வந்தாள். "அண்ணே, ஓட்டு கேக்க வந்தப்போ எங்க வூட்லதான் தண்ணி வாங்கிக் குடிச்சீங்க. இதுவும் அதே பம்புதான்."

வாங்கிய தண்ணீரை ஒரு வாயாவது குடிக்காமல் வைத்தால் அந்த வீட்டை அவமதித்த மாதிரி. அரசியல்வாதிக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோனார். நாற்றம் மூக்கில் ஏறியது. சந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டம்ளரைப் பெரிய என்ஜினியரிடம் நீட்டினார். "நீங்க குடிங்க சார்."

பெரியவர் மோந்து பார்த்துவிட்டுச் சின்னவரிடம் தந்தார். சின்னவர் தண்ணீர் மேஜையிடம். தண்ணீர் மேஜை சாக்கடை மேஜையிடம். ஃபைல் எப்படிப் போகும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். கடைசியில் லைன்மேன் கைக்கு வந்தது. அவருக்குக் கீழே கொடுக்க ஆள் இல்லை.

"கப்பு அடிக்குது சார். மனுசன் குடிக்க முடியாது" என்றார்.

அவ்வளவுதான். இதைச் சொல்ல இலாகாவுக்கு இத்தனை மாதம் ஆயிற்று.

மறுநாளே தோண்டினார்கள். இரண்டு பைப்பும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. இரண்டிலும் ஓட்டை. இரண்டு மேஜைக்காரர்களும் ஒரே குழிக்குள் நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் வேலை வாங்கினார்கள்.

எம்.எல்.ஏ.வைத் திட்டலாம் என்றுதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். கேள்வி கேட்கத்தான் அவரை அனுப்பினோம். அனுப்பிவிட்டு, மொய் எழுத வா, ரிப்பன் வெட்ட வா என்று தெருத்தெருவாக இழுக்கிறோம். அப்புறம், சபையில் தூங்குகிறார் என்று நாமே சிரிக்கிறோம். இத்தனை வீட்டு விசேஷத்துக்குப் போகிறவன் வேறு எங்கேதான் தூங்குவான்?

போன வாரம் மீனா வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவின் ஆட்டோவிலிருந்து தானாக இறங்கி, நேரே பம்படிக்குப் போய்க் கையை நீட்டினாள். செல்வி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

நேற்று பக்கத்துச் சந்துக்காரர் வந்தார். அங்கே தெருவிளக்கு எரிவதில்லையாம். காது குத்த வேண்டிய குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன்.

"குழந்தை இல்ல சார். எங்க மாமா ஒருத்தர் இருக்கார். அவருக்கும் அறுபதாம் கல்யாணம் எப்பவோ ஆயிடுச்சு."

பரவாயில்லை, இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்லுங்கள் என்றேன்.