வெள்ளிக்கிழமை மட்டும் போட்ட குளிசை

"அண்ணை, இந்த விற்றமின் உங்களிட்ட இருக்கோ?" என்று கேட்டு, குணம் ஒரு குளிசையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தான். 2001ஆம் ஆண்டு. வவுனியாவில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. குணம் லொறிகளுக்கு லோட் பிடித்துக் கொடுப்பவன்.

"ஆர் தந்தது?"

"லொட்ஜில நிக்கிற ரவியின்ர. பாரிசில இருந்து வந்தவன். தண்ணி அடிச்சால் அடுத்த நாள் விடிய, அவன் எழும்ப முந்தி, நானும் என்ர கூட்டாளியள் ரெண்டு பேரும் ஒவ்வொண்டு போடுவம். தலையிடி பறந்திடும். போத்தல் முடியப்போகுது. அவன் அறிய முந்தி நிரப்பி வைப்பமெண்டு பாத்தன்."

குளிசையில் பொறித்திருந்த எழுத்துகளை மருந்துப் புத்தகத்தில் தேடினேன். எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் மருந்து அது. எங்கள் பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடையாது. சட்டென்று புத்தகத்தை மூடினேன். குணம் வாசித்திருந்தால் மத்தியானத்துக்குள் பஸ் ஸ்ராண்ட் முழுக்கக் கதை பரவியிருக்கும்.

"இது விற்றமின் இல்லை. உங்களுக்குத் தேவையில்லாத மருந்து. சும்மா போட்டால் ஈரல் பழுதாகும். மூண்டு பேரும் டொக்டரிட்ட ரத்தம் குடுத்துப் பாருங்கோ. ரவியை ஒருக்கா வரச்சொல்லு."

ரவி பின்னேரம் வந்தான். உள்ளறைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். கதிரையில் அப்படியே இருந்துவிட்டான்.

"அவங்களோ எடுத்தவங்கள்? நான் கணக்குப் பிழைச்சுப் போச்செண்டெல்லோ நினைச்சன்."

ஆரும் கேட்டுவிடக் கூடாதென்று குளிசைகளை விற்றமின் போத்தலில் மாற்றி வைத்தானாம். தாய் வற்றாப்பளையில் படுக்கையில். சண்டைக் காலம்; சோதனைச்சாவடி தாண்டி அங்கே போக ஆமி தரும் பாஸ் கிடைக்கவில்லை. காத்திருந்த நாள்களில் பின்னேரமானால் குணம் ஆக்களோடு பாரில், பிறகு லொட்ஜ் அறையில் சீட்டும் சாராயமும்.

"நீர் ஒழுங்காப் போடுறீரோ?"

"குடிக்கிற நாளில போடுறேல்லை அண்ணை. ரெண்டும் சேர்ந்தால் நஞ்செண்டு விட்டிடுவன்."

"எந்த நாளில குடிக்கிறேல்லை?"

தலையைக் குனிந்துகொண்டான். "வெள்ளிக்கிழமையில."

நோயில்லாத மூன்று பேர் ஒழுங்காகப் போட்டுவந்த மருந்தை, வருத்தக்காரன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போட்டிருக்கிறான்.

பாமசியின் பின்பக்கத்தில் நோயாளர் பார்க்கும் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஏசவில்லை. "குடியை விட ஏலுமெண்டால் விடும். விட ஏலாமல் குடிச்ச நாளிலயும் குளிசையை விடாதையும். விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு இது வேலை செய்யாது. இண்டைக்கே பாரிசுக்கு ரெலிபோன் எடுத்து உம்மட டொக்டரிட்ட நடந்ததைச் சொல்லும்."

குணத்திடம் நான் வாய் திறக்கவில்லை. ரவியே சொல்லிவிட்டான். அடுத்த நாள் கடை திறக்கும்போதே குணம் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அந்தக் குளிசையால எனக்கும் வருமோ அண்ணை?"

"வராது."

"ஒரே கிளாசில குடிச்சனாங்கள்."

"அதாலயும் வராது."

நிம்மதியாகப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"அப்ப நாங்கள் அவன்ர உயிரையெல்லோ அண்ணை திண்டிருக்கிறம்" என்று சொல்லி, படியில் குந்தியிருந்து அழுதான்.

மூன்று பேரின் ஈரலிலும் பழுதில்லை. மற்ற இருவரும் அதற்குப் பிறகு லொட்ஜ் பக்கம் போகவில்லை. பாரிசிலிருந்து ரவியின் அக்கா அனுப்பிய மருந்தைக் கொழும்பில் போய் எடுத்துவந்தவன் குணம். பாஸ் கிடைத்துத் தாயிடம் போகும்வரை ரவி அடியோடு குடியை விடவில்லை, குறைத்துக்கொண்டான். குளிசையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை என்று குணம் சொன்னான்.

அதுவரை சாப்பாட்டுக்கு முந்தியோ பிந்தியோ என்று சொல்லித்தான் மருந்தைக் கொடுப்பேன். அதற்குப் பிறகு இன்னொன்றும் கேட்கத் தொடங்கினேன்: "இதை ஆக்களுக்கு முன்னால போட ஏலுமோ?" பலர் ஓம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர் பதில் சொல்லாமல் நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போடுவேன்.