தின்டி ஆயித்தா?

போன வாரம் ஒரு நாள். காலை ஏழரை மணி. தேங்காய் சட்னி பாதி அரைபட்ட நிலையில் மிக்ஸி நின்றுபோனது. கரன்ட் கட்! நம் வீட்டில் மட்டுமா, ஊருக்கே இல்லையா என்று பார்க்க வாசலுக்கு ஓடினேன். மாடி வீட்டு சபாபதி அண்ணா பால் பாக்கெட்டோடு படியேறிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மேல கரன்ட் இருக்கா?"

"ஆயித்தும்மா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஏறிப் போய்விட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பெங்களூரில் காலையில் எதிர்ப்படுகிறவரிடம் குட்மார்னிங் சொல்வதெல்லாம் அவ்வளவாகக் கிடையாது. "தின்டி ஆயித்தா?" என்போம். டிபன் ஆச்சா என்று அர்த்தம். மத்தியானம் என்றால் "ஊட்டா ஆயித்தா?" - சாப்பாடு ஆச்சா? கன்னடம் பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர், உருது பேசுகிறவர் எல்லோருக்கும் இது பொது. பதிலும் ஒன்றே ஒன்றுதான். "ஆயித்து!" ஆகவில்லை என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால், கேட்ட பாவத்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு தோசை ஊற்ற வேண்டி வருமே!

ஆனால் கரன்ட் இருக்கா என்று கேட்டால் ஆயித்தா? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரிட்டயர் ஆனதிலிருந்து ஒரே பேப்பரை மூன்று தரம் படிக்கிறவர் அவர். அவரும் சிரித்தார். அப்புறம் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்போ தினம் தின்டிக்கும் இதே பதிலைத்தானே சொல்றாரு... நிஜமா சாப்பிடறாரான்னு யாருக்குத் தெரியும்?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொல்கிற எதையும் காதில் வாங்காத மனுஷர். அன்றைக்குப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! எனக்குச் சுருக்கென்றது.

சபாபதி அண்ணா பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஜீவனஹள்ளிக்கு வந்த நாளாக மாடி வீட்டில் அவர்தான். மனைவி ஜெயா அக்கா தவறி எட்டு மாசம் ஆகிறது. பிள்ளை புனேயில். "வந்துடுப்பா" என்று அவன் கூப்பிடாத நாள் இல்லை. இவர்தான் அசையவில்லை.

ஜெயா அக்காவின் சமையலறை எங்கள் சமையலறைக்கு நேர் மேலே. அவர் குக்கர் விசில் அடித்தால் எங்கள் வீட்டில் அடித்த மாதிரியே கேட்கும். நான் பாட்டுக்கு மேல் வீட்டு விசிலை எண்ணி, மூன்று ஆனதும் என் அடுப்பை அணைத்துவிட்டு, அரைவேக்காட்டு சாதத்தோடு முழித்த நாட்கள் உண்டு. "ஏன் கோமு, இன்னிக்கும் என் விசிலைத் திருடினியா?" என்று அக்கா மாடியிலிருந்தே கேலி பண்ணுவார்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன்... மேலே விசில் கேட்டு எத்தனை நாள் ஆச்சு? எட்டு மாசமாகவே இல்லை! என் தலைக்கு மேலே ஒரு அடுப்பு அணைந்து கிடந்திருக்கிறது. நான் பாட்டுக்கு தினமும் தின்டி ஆயித்தா என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமலே போய்க்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அவரை மட்டும் குற்றம் சொல்வானேன்? வயதான எல்லோருமே ஆளுக்கொரு 'ஆயித்து' வைத்திருக்கிறோம். என் மகள் மைசூரிலிருந்து தினமும் போன் பண்ணுவாள். மாத்திரை போட்டியா? போட்டேன். வாக்கிங் போனியா? போனேன். முட்டி வலி? பரவாயில்லை. அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் ரெடி. அன்றைக்கு மாத்திரை டப்பா திறக்கப்பட்டதா என்பது எனக்கும் அந்த டப்பாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். "இன்னிக்கு என்ன தின்டி அண்ணா?"

மனுஷர் தடுமாறிவிட்டார். "அது வந்தும்மா... உப்பிட்டு."

அதற்கு அடுத்த நாளும் உப்பிட்டு. மூன்றாம் நாளும் உப்பிட்டு. ரவை வறுபடுகிற வாசனையே இல்லாமல் இது என்ன உப்புமா? என்னிடமா இந்தக் கதை?

என் குக்கரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். வெயிட் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்றேன். ரிப்பேர் என்றால் அவருக்குச் சொல்ல வேண்டுமா! கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சமையலறையை எட்டிப் பார்த்தேன். அடுப்பு பளபளவென்று துடைத்தபடி இருந்தது. அக்காவின் குக்கர் கவிழ்த்து வைத்தபடி. மேடை மேல் ஒரு பன் பாக்கெட்.

"இதுல ஒரு கோளாறும் இல்லையேம்மா?"

"எனக்குத் தெரியும்ணா. இந்த வீட்டு குக்கருக்கு என்ன கோளாறு? அதைச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சமைக்கத் தெரியாம இல்லம்மா. கடைசியா அவ படுத்திருந்தப்போ நான்தானே வடிச்சேன்... ரெண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி. கையே அளந்துடும். இப்போ அரை டம்ளர் போடணும். டப்பாவைத் திறந்து அந்த அரை டம்ளரை அள்ளினா மனசு விட்டுப்போகுது. பன்னும் டீயும் போதும்னு இருந்துட்டேன்."

"அப்புறம் ஏண்ணா தினமும் ஆயித்து ஆயித்துன்னீங்க?"

"இல்லேன்னு சொன்னா அடுத்த கேள்வி கேப்பியேம்மா."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இனிமேல் உங்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு என்று வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். கைநீட்டி வாங்கிப் பழகாத மனுஷர். ரெண்டு நாள் வாங்கிக்கொள்வார். மூன்றாம் நாள் என் பாத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டு, மறுபடியும் ஆயித்து என்பார்.

"அரை டம்ளர் போட யாரு சொன்னா? முழு டம்ளரே போடுங்க" என்றேன். "பாதி உங்களுக்கு. பாதியை குழம்போட கீழ அனுப்புங்க. எங்க வீட்டுக்காரருக்கு என் சமையல் அலுத்துப்போய் ரொம்ப நாளாச்சு. நானும் பருப்பையே போட்டு அவரைப் படுத்தறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நாடகமாடுகிறேன் என்று புரியாமலா இருக்கும்? ஆனால் அவர் கேட்டது இதைத்தான்.

"அவருக்குக் காரம் ஆகுமா?"

ஆகாது. அல்சர். "நல்லா ஆகும்ணா" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். எங்கள் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மோர் நிறைய இருக்கா என்று மட்டும் கேட்டார். அந்த மனுஷரைக் கட்டிக்கொண்டதற்கு அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

நேற்று மத்தியானம் குக்கரை வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து இந்தப் பத்தியை யோசித்துக்கொண்டிருந்தேன். விசில் வந்தது. ஒன்று... ரெண்டு... மூன்று. போய் அடுப்பை அணைத்தேன். திறந்தால் நறுக் நறுக்கென்று அரிசி! என்னுடையது ஒரு விசில்கூட அடிக்கவில்லை. மூன்றும் மேல் வீட்டு விசில்.

கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடினேன். சபாபதி அண்ணா டிபன் கேரியரோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஊட்டா ஆயித்தா அண்ணா?"

"இன்னும் இல்லம்மா. குழம்புல உப்பு சரியா இருக்கான்னு உன் வீட்டுக்காரர் சொல்லட்டும். அப்புறம்தான் நான் உக்காரணும்."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தக் கேள்விக்கு ஒருவர் 'இல்லை' என்று சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை!