ஊசி நீட்டிய மின்பொறி

அவனியாபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. புது ஆட்களிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசக் கூச்சம். ஒத்தக்கடைப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணும் அவளோடு படிக்கும் பையனும் வந்து, பிளாஸ்டிக் குழாய்மேல் மெல்லிய செம்புக் கம்பியை ஒரே அடுக்காகச் சுற்றித் தரச் சொன்னபோது, எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், டெஸ்லா காயிலாம். உச்சியில் வைக்கும் வளையத்திலிருந்து காற்றிலேயே மின்னல் பாயுமாம். கல்லூரிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினால் சென்னைப் போட்டிக்கு அனுப்புவார்கள். அதற்குத்தான் அவள் ஆசைப்பட்டாள்.

சோதனை என் கடையிலேயே நடந்தது. ஊதா நிறத்தில் பொறி பாய்ந்ததும் நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். நான் சுற்றிய கம்பியா இது என்றிருந்தது. பையன் காயிலை அணைத்துவிட்டு, வளையத்தின் மேல் ஒரு தையல் ஊசியைப் பொருத்தினான். மறுபடி போட்டதும் பொறி சடசடவென்று அடிஸ்கேல் நீளத்துக்கு நீண்டது.

"சென்டிமீட்டருக்கு முப்பதாயிரம் வோல்ட்டு. முப்பது சென்டிமீட்டருக்கு ஒம்பது லட்சம்! பத்துன்னே கண்காட்சி போர்டுல போட்ருவோம்" என்றான்.

என் கடைக் காயிலில் பத்து லட்சம்! எனக்கும் பிடித்திருந்தது.

அவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வைக்கிறதுக்கு முன்னாடி எம்புட்டு நீளம் வந்துச்சு?"

"பாதி இருக்கும்."

"காயிலும் அதேதான், கரண்ட்டும் அதேதான். ஊசியாடா வோல்ட்டக் கூட்டுச்சு?"



கூர்முனையில் காற்று மின்சாரத்துக்குச் சீக்கிரம் இடம் கொடுத்துவிடுமாம். ஒரு பொறி சூடாக்கிய வழியிலேயே அடுத்த பொறி ஓடி நீளுமாம். அதனால் நீளத்தை அப்படியே பெருக்கக் கூடாது என்று எனக்கும் புரியும்படி விளக்கினாள். பிறகு, "அண்ணே, வழவழன்னு ரெண்டு உருண்டை கெடைக்குமா?" என்றாள்.

பக்கத்துப் பட்டறையில், மாடிப்படிக் கைப்பிடியில் வைக்கும் எவர்சில்வர் உருண்டைகள் இரண்டு வாங்கி வந்தேன். ஊசியை எடுத்துவிட்டு ஒன்றைக் காயிலின் உச்சியில் வைத்து, மற்றதை எர்த் கம்பியில் இணைத்தாள். ஒவ்வொரு முறையும் காயிலை அணைத்து, உருண்டையைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி, மறுபடி போட்டுப் பார்த்தாள். அவசரமே படவில்லை. நாலு விரல் இடைவெளி வந்தபோதுதான் பொறி தாண்டியது. எவ்வளவு இடைவெளிக்கு எத்தனை வோல்ட் என்று சொல்லும், உருண்டைகளுக்கான அட்டவணையைப் போனில் பார்த்தாள்.

"ஒன்றர லட்சத்துலேர்ந்து ரெண்டுக்குள்ள. அதுவும் உத்தேசந்தான்."

"ஏ ஆத்தா, கண்காட்சில நம்ம பக்கத்து ஸ்டால்காரன் இதே மாதிரி காயிலுக்குப் பதினஞ்சு லட்சம்னு போடுறான். நீ ரெண்டுன்னு போட்டா எவன் நிப்பான்?"

"நிக்கிறவன் நிக்கட்டும்."

போர்டில் அதையேதான் எழுதினாள். கண்காட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். கூட்டமெல்லாம் பக்கத்து ஸ்டாலில். நடுவர் வந்து, "ஏம்மா இவ்வளவு கம்மி?" என்றார். ஊசியை வைத்தும் எடுத்தும், பிறகு உருண்டைகளை வைத்தும் காட்டினாள். அவர் நின்று முழுதும் கேட்டார். ஆனாலும் முதல் பரிசு பக்கத்து ஸ்டாலுக்குத்தான் போனது.

"பத்துல கொறச்ச எட்டு லட்சமும் போச்சு, சென்னையும் போச்சு" என்றான் பையன்.

"எட்டு லட்சம் நம்மகிட்ட எப்படா இருந்துச்சு? சென்னைதான் போச்சு." அந்தச் சொல்லில் மட்டும் குரல் இறங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அடுத்த வருசம் பெரிய குழாயா எடுப்போம். சுத்தித் தருவீங்கள்ல?"

அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. "தாரேன்மா" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.