பெட்டிக்குள் சத்தம்

இன்று காலை மகளுக்குப் பழச்சாறு போடச் சர்க்கரையைக் கரைத்தேன். அந்த வாசனையில் ஐயம்பேட்டை வீட்டுக் கொல்லை வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த ஐப்பசியில் தம்பி காய்ச்சலில் இறந்துபோனான். அதன்பிறகு அம்மா யாருடனும் சரியாகப் பேசவில்லை. கொல்லையிலிருந்த தேனீப் பெட்டியருகே மட்டும் போவாள். அடைமழையில் பூ இல்லாமல் தேனீக்கள் குறைந்துகொண்டே வந்தன. அம்மா பெட்டியைத் தறி மூடும் போர்வையால் சுற்றி, கொட்டாங்குச்சியில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள். மத்தியானம் அப்பா தறியை நிறுத்தியதும் பெட்டியில் காது வைத்துக் கேட்பாள். சத்தம் இருந்தால்தான் சாப்பிடுவாள்.

மார்கழியில் அம்மாவே படுத்துவிட்டாள்.

"நீ போய்க் கேட்டுட்டு வா கண்ணு. இருக்குதுங்களா பாரு."

காது வைத்தேன். சத்தமே இல்லை. மூடியைத் தூக்கினால் அடியில் எல்லாம் செத்துக் கிடந்தன.

"இருக்குதும்மா" என்றேன். அம்மா எழுந்து கஞ்சி குடித்தாள்.

நான்கு நாள் அதே பொய்யைச் சொன்னேன். ஐந்தாம் நாள் அவளே போய், வெகுநேரம் காது வைத்துக் கேட்டாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

"ஆமா கண்ணு, இருக்குதுங்க" என்று சிரித்தாள்.

அம்மா இறந்து ஆறு வருடமாகிறது. எனக்காகச் சொன்னாளா, அவளுக்கு ஏதாவது கேட்டதா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.